மூன்று எண்ணில் ஒன்று

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வார்டில் டாக்டரையே எதிர்த்துப் பேசியிருக்கிறேன். அப்படிப்பட்டவள், பேச வேண்டிய நாளில் சொந்த அக்காவிடம் வாயை மூடிக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். அக்கா ஜெலுத்தோங் பிளாட்டில் அத்தானோடும் ஆறு வயது மகளோடும் இருந்தாள். இரத்தப் புற்று என்று தெரிந்ததும் என் வார்டுக்கே வந்து சேர்ந்தாள். மருந்து ஏற்றி ஏற்றி அவள் நரம்பெல்லாம் எங்கோ ஒளிந்துகொண்டன. வேறு யாராவது ஊசியோடு வந்தால், "என் தங்கச்சி வரட்டும்லா" என்று கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வாள்.

டிரிப் ஓடும் கையில் சோதனைக்கு இரத்தம் எடுக்கக் கூடாது. அந்தத் தண்ணீர் கலந்தால் கணக்கு பொய்யாகிவிடும். மறு கையில் எடுத்து, சின்னக் குப்பியில் விட்டு, உறைந்துபோகாமல் மெல்லப் புரட்டுவேன். "பாப்பாவத் தாலாட்டுற மாதிரி ஆட்டுறியேடி" என்று கேலி செய்வாள். மத்தியானம் லேபிலிருந்து தாள் வரும். அதில் முக்கியமாக மூன்று எண். எச்.பி., அதாவது ஹீமோகுளோபின், இருந்தால் உடம்பில் தெம்பு இருக்கும். பிளேட்லெட் இரத்தம் கசியாமல் காக்கும். வெள்ளை அணு கிருமியோடு சண்டை போடும். ஒன்றை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள் என்று எத்தனையோ பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு அக்காவுக்கு இரண்டு பை இரத்தம் ஏற்றினோம். மறுநாள் எச்.பி. ஆறிலிருந்து எட்டுக்கு வந்திருந்தது. யாரோ புண்ணியவான் கொடுத்த இரத்தம் அது, அவள் உடம்பு சம்பாதித்தது இல்லை. வெள்ளை அணுவோ ஆயிரம்கூட இல்லை. நல்ல உடம்பில் நாலாயிரமாவது இருக்கும்.

மகளைப் பார்க்க வேண்டும் என்று அக்கா அழுதுகொண்டே இருந்ததால், டாக்டர் இரண்டு நாள் வீட்டுக்குப் போகச் சம்மதித்தார். "கூட்டத்துக்குள்ள போகக் கூடாது, காய்ச்சல் வந்தா உடனே வரணும். நீயே விளக்கிச் சொல்லிடு, நர்ஸ்தானே" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"எவ்வளவுடி?" என்றாள் அக்கா.

"எச்.பி. எட்டுக்கா. ஏறியிருக்கு."

"அப்ப நல்லாயிட்டு வருதா?"

மாதக்கணக்கில் சிரிக்காத முகம் அன்று சிரித்தது. பாவி நான், "ஆமாக்கா" என்றேன். கூட்டத்தைப் பற்றிச் சொன்னால் ஏன் என்று கேட்பாள், வெள்ளை அணுவைச் சொல்ல வேண்டிவரும். காய்ச்சல் வந்தால் கூப்பிடு என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை நாளைக்கு வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் தைப்பூசம். எனக்குக் காலை டியூட்டி. நல்லாகிவிட்டதே, முருகனுக்கு நன்றி சொல்ல வேண்டாமா என்று அவள் அத்தானைக் கூட்டிக்கொண்டு தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். வெயிலில் அலைய வேண்டாம் என்று மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறார்கள். அந்தச் சனக்கடலில் மணிக்கணக்காக நின்றிருக்கிறாள். அதற்கடுத்த நாள் காய்ச்சல் நாற்பது டிகிரி. அத்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

கிருமி கூட்டத்தில் ஒட்டியதா, அவள் உடம்பிலேயே இருந்ததா, யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டர் தேற்றினார். தேற்றி என்ன, என் மனசுக்குத் தெரியாதா.

தனி அறையில் வைத்தோம். அன்றும் நான்தான் இரத்தம் எடுத்தேன். தாள் வந்ததும், "எவ்வளவுடி?" என்றாள். இந்த முறை மூன்றையும் சொன்னேன். எது எதற்கு என்றும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்கும் வெள்ள இப்படித்தான் இருந்துச்சா?"

தலையாட்டினேன். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"சொல்லியிருந்தா புள்ளகூட வீட்லயே இருந்திருப்பேனேடி" என்றாள். "தலயாவது பின்னிவிட்டிருப்பேன்."

மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு என் வார்டில் யார் கேட்டாலும் மூன்றையும் சொல்லித்தான் அனுப்பினேன். அழுதாலும் சொன்னேன். நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று சிலர் முதுகுக்குப் பின்னால் பேசியதும் காதில் விழுந்தது. பேசட்டும்.

அக்கா மகளை நான்தான் வளர்த்தேன். அவள் பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் நான்தான் தலை பின்னிவிட்டேன். இப்போது அவளுக்கே கல்யாண வயது. அம்மா ஏன் அன்றைக்குத் தன்னை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனாள் என்று இரண்டு தரம் கேட்டிருக்கிறாள். இன்னும் நான் சொல்லவில்லை.