ரோசக்காரர்களுக்கு உதவப்போன கதை

முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீடு தேடிப்போய் உதவுவதுதான் என் வேலை என்றால், தென்காசியில் எல்லோரும் "கொடுத்து வச்சவ" என்கிறார்கள். ஒரே ஒரு நாள் என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வயதான அப்பாவை ஒரு கையெழுத்துக்காக நாலு அலுவலகம் அழைத்துப்போனவர் நீங்கள் என்றால், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாம் ஒரே கட்சி.

அழிந்த ரேகை

வீரகேரளம்புதூர்ப் பக்கம் செல்லம்மாள் ஆச்சி. தனி ஆள். சின்ன வயதிலிருந்து பீடி சுற்றிச் சுற்றி விரல் ரேகை தேய்ந்துபோனது. ரேஷன் கடை மிஷின் அவர் விரலை ஏற்கவேயில்லை. மூன்று நாள் அழைத்துப்போனேன். "கையக் கழுவிட்டு வாங்க" என்றார்கள், கழுவினோம். "எண்ணெ தடவிட்டு வாங்க" என்றார்கள், தடவினோம். கண்ணைப் பார்க்கிற கருவி ரிப்பேர். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை.

கடைசியில், அவருக்குப் பதிலாக இன்னொருவர் வாங்கலாம் என்று ஒரு படிவம் கிடைத்தது. சம்மதித்தது பக்கத்து வீட்டு மாரியம்மாள் மட்டும்தான். ஒரு முருங்கைமரத் தகராறில் இரண்டு பேரும் பேச்சை விட்டுப் பல வருஷமாம்! ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெஞ்சி, அதட்டி, அழாத குறையாகக் கையெழுத்து வாங்கினேன்.

மறுநாள் மாரியம்மாள் அரிசிப் பையை வாசற்படியில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். ஆச்சியும் வாயைத் திறக்கவில்லை. "ஒரு நல்ல வார்த்தை சொன்னால்தான் என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏட்டி, ரேகைதான அழிஞ்சிருக்கு? ரோசமுமா அழிஞ்சிபோச்சு?"

சாய்தளம்

பண்பொழி ஊரில் இசக்கி தென்னை ஏறுகிறவராக இருந்தார். மரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பல மாதம் அலைந்து சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தேன். வீட்டு வாசலிலோ மூன்று படி! தெருக்காரர்கள் சிமெண்டும் மணலும் கொடுத்தார்கள். கொத்தனார் இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று சாய்தளத்தைக் கிட்டத்தட்டச் செங்குத்தாகப் பூசிவிட்டார். "எப்படி வழுவழுன்னு இருக்கு பாருங்க" என்று பெருமை வேறு.

முதல் நாள் பின்னால் பிடித்தது நான்தான். பிடித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது; நாற்காலிதான் என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. எதிர்வீட்டு வைக்கோல் போரில் போய் முட்டி நின்றோம். நல்லவேளை, இரண்டு பேருக்கும் அடியில்லை. தெருவே கூடி அதை உடைத்து, ஒரு வாரத்தில் நீளமாகச் சரித்துக் கட்டிக் கொடுத்தது. அதில் இசக்கி இறங்கப்போகும்போது, பிடித்துக்கொள்ளவா என்று கேட்டேன்.

"நீங்க தள்ளி நில்லுங்கக்கா. தென்னையில இருந்து விழும்போதுகூட நான் இம்புட்டுப் பயப்படல."

திங்கட்கிழமைக் கஞ்சி

செங்கோட்டையில் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் அமைப்பை நம்பி இருபது பேர் இருக்கிறார்கள். நல்ல மனசுக்காரர்கள் பிறந்தநாள், கல்யாண நாள் என்று சோறு தருகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று குடும்பங்கள் பிரியாணியோடு வந்து நின்றன. ஒருவராவது நாளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். லீவு கிடைக்காதாம். திங்கட்கிழமை மதியம்வரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நானே வீட்டில் கஞ்சி காய்ச்சித் தூக்கிக்கொண்டு ஓடினேன். கண் தெரியாத பீட்டர் அண்ணாச்சி ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் தாயி, திங்கக்கெழம ஒருத்தருமே பொறக்கலியா?"

மழையில் ஒரு சண்டை

ஐயம்பெருமாள் அண்ணாச்சி குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்தவர். இப்போது கை நடுக்கம். மனைவி பக்கவாதத்தில் படுக்கை. ஐப்பசி மழையில் அவர்கள் வீட்டு மண்சுவர் ஊறி வெடிப்பு விட்டிருந்தது. மழைக்கு ஊர்க்காரர்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்தில் தங்கிக்கொள்ளலாம், வாருங்கள் என்றேன். "வரல" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த அம்மாவைக் கட்டிலோடு தூக்கத் தயாராக நின்றார்கள். "வரலன்னா வரல." என் குடை பறந்தது, பொறுமையும் பறந்தது. சுவர் விழுந்தால் தெரியும் என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அந்த அம்மா கோணிய வாயால் ஏதோ சொல்ல வந்து அழுதார். குனிந்து காதைக் கொடுத்தபோதுதான் புரிந்தது. அத்தனை பேர் நடுவில் கக்கூசுக்கு எப்படிப் போவது?

தென்காசிக்கு ஓடி, நடுவில் துளையும் கீழே வாளியும் உள்ள நாற்காலி ஒன்றை இரவல் வாங்கிவந்தேன். வகுப்பறை மூலையில் சேலை கட்டி மறைத்தோம். மறுபேச்சில்லாமல் இரண்டு பேரும் வந்தார்கள். விடிகாலையில் சுவர், கட்டில் கிடந்த பக்கமாகவே விழுந்தது. கேட்டதும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அண்ணாச்சி நிதானமாக டீயை ஊதிக்கொண்டு சொன்னார்:

"என்ன வேணும்னு மொதல்லயே கேட்டிருந்தா, அம்புட்டு நேரம் மழையில நின்னு கத்தியிருக்க வேண்டாமே தாயி."

உதவி வேண்டாம் என்கிறவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி அதைச் செய்துவிட்டு, கூடவே நாலு பேச்சும் வாங்கிக்கொண்டு வருவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் போலிருக்கிறது.