தங்கமீனின் முதுகுத் துடுப்பு

மகள் வேலைக்காகப் பெங்களூர் போனபோது தன் தங்கமீனைத் தொட்டியோடு எங்களிடம் விட்டுப் போனாள். கூடவே ஒரு தீனிப் பொட்டலம். என் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு அதன் பின்பக்கத்தைப் படித்தாள். உலர்ந்த புழு, இறால் தூள் என்றிருந்தது. அரை மணி நேரத்தில் பொட்டலம் வீட்டை விட்டு வெளியேறியது.

கோட்டைக்குள் எங்கள் அக்ரஹாரத் தெருவில் முட்டை ஓடு கிடந்தாலே விசாரணை நடக்கும். ஆகவே மீன் எங்கள் சாப்பாட்டுக்கு மாறியது. காலையில் இட்லித் துணுக்கு, மத்தியானம் கடுகு நீக்கிய தயிர்சாதம். ஏகாதசியன்று அதற்கும் உபவாசம்.

"இந்தாத்துல இருக்கறவரைக்கும் மடியாவே இருக்கட்டும்" என்றாள் மனைவி.

பத்தாம் நாள் அதன் முதுகுத் துடுப்பு மடங்கிவிட்டது. வந்த அன்று விசிறி மாதிரி விரிந்து நின்றது, இப்போது ஈரத்துணியாக முதுகோடு ஒட்டிக் கிடந்தது. மீன் மூலையை விட்டு அசையவில்லை. சாயங்காலம் மகள் வீடியோவில் கூப்பிட்டபோது, மனைவி தொட்டியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. நான் ஓய்வு பெற்றபின் ஒருவர் என்னை நம்பி ஒப்படைத்த ஒரே உயிர் அது.

சாலைக் கடைத்தெருவில் மீன்தொட்டி விற்பவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"முதுகுத் துடுப்பு மடங்கினா சுகமில்லைன்னாக்கும் அர்த்தம். தின்ன என்ன குடுக்கீங்க சாரே?"

சொன்னேன். அவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"சாரே, அது மீனாக்கும்."

தண்ணீரை மாற்றச் சொல்லி, ஒரு புழுப் பொட்டலமும் கொடுத்தார். அதைக் கொல்லைக் குளியலறை ஜன்னலில், பழைய வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். தினமும் மனைவி கோயிலுக்குப் போனதும் ஒரு சிட்டிகை போடுவேன். புழுவைத் தொட்ட தோஷத்துக்குத் தலையோடு இன்னொரு முறை குளிப்பேன். ஜலதோஷம் பிடித்தது.

ஒரு வாரத்தில் துடுப்பு நிமிர்ந்தது. அன்று மகள் கூப்பிட்டபோது மனைவி தொட்டியை விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"பாத்தியா, தயிர்சாதம் அதுக்கு நன்னா ஒத்துண்டுடுத்து" என்று மகளிடம் சொன்னாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வாளிக்குப் பின்னாலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். நான் எப்போதும் அதன் வாயை மடித்துத்தான் வைப்பேன். மழைக்காலம். நமுத்துப் போகாமலிருக்க இப்போது அதற்கு ஒரு துணிக் கிளிப் மாட்டியிருந்தது. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவள்மேல் எனக்கு அத்தனை பிரியம் வந்ததில்லை. ஒரு சிட்டிகை போட்டேன், கிளிப்பைத் திரும்ப மாட்டினேன், போய்க் குளித்தேன்.