சாக்கின் நடுவில்

எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசம் வரும். துணிகளை விலக்கினால் அதற்கடியில் துரு வாசம். அங்கேதான் அந்த இரும்பு கிடந்தது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், ஒரு முனை கூர், உடம்பு நெடுகப் பிளந்த குழாய், பிடிக்கும் பக்கம் திறந்த வாய். மாட்டுக்கு மருந்தேற்றுவது என்றாள் எனக்கு மூத்தவளான ராத்தா. மிளகாய்க் கன்று நடக் குழி போடுவது என்றேன் நான். உம்மாவோ, "வாப்பாட சாமான் அது, கைய வைக்காதீங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

வாப்பா நெல் வியாபாரி. வீரமுனைக்கும் சாகாமத்துக்கும் நெல் வாங்கப் போகும்போதெல்லாம் அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போவார். பெண்பிள்ளைகளைக் 'களவெட்டி'க்கு, அதாவது சூடடிக்கும் களத்துக்கு, கூட்டிப்போகும் வழக்கமில்லாததால் அங்கே அது என்ன செய்கிறதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

வாப்பாவுக்குச் சொந்த வயலும் இருந்தது. எனக்கு ஒன்பது வயதான ஆண்டு, பெரும்போக அறுவடை முடிந்து, விளைச்சலில் ஏழைகளுக்குச் சேரவேண்டிய ஸகாத் பங்கு எங்கள் வீட்டு வளவில் மூட்டை மூட்டையாக நின்றது. வாய் திறந்த சாக்குகளில் பொன் போன்ற நெல். கேற்றடியில் பெண்கள் காத்திருந்தார்கள். முன்னால் நின்றவர் ஆயிஷா மாமி. புருசனைக் கடலில் பறிகொடுத்து மூன்று பிள்ளைகளோடு இருந்தவர். அந்த ஒரு மூட்டைதான் அவருக்கு ஒன்றிரண்டு மாதச் சோறு.

களத்திலிருந்து வந்த வாப்பா இரும்பை மூட்டைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். யாருடைய ஊகம் சரியென்று பார்த்துவிடும் ஆசையில் நான் அதை எடுத்து மாமிக்கென்று வைத்திருந்த சாக்கின் நடுவில் குத்தினேன். குழாய் வழியே என் உள்ளங்கையில் சரசரவென்று கொட்டியது.

"ராத்தா, கண்டுபுடிச்சிட்டன், சாக்க அவிழ்க்காம நெல்லெடுக்கிற சாமான் இது" என்றேன். ஆனால் கையில் இருந்தது நெல் அல்ல, அரிசியே பிடிக்காத 'சப்பி'. இன்னும் கீழே குத்தினேன். அங்கேயும் சப்பிதான். அடுத்தவன் மூட்டையை இந்த இரும்பால் குத்திப் பார்த்து ஒரு பிடி பதரைக் கண்டாலும் விலையை உடைக்கிற மனிதர், அல்லாஹ்வுக்குக் கொடுத்த மூட்டையில் மேலே மட்டும் நெல்லைப் பரப்பியிருந்தார்.

திரும்பி வந்த வாப்பா இரும்பைப் பிடுங்கிக்கொண்டு, "சின்னப்புள்ள வெளயாட்டு" என்று சிரித்தார். கதவோரம் நின்ற உம்மா நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்பே தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மாமி என் கையிலிருந்த சப்பியை வாங்கிச் சாக்கிலேயே போட்டார். "பரவால்ல முதலாளி, கோழிக்கு உதவும்" என்றார். அவர் வீட்டில் கோழி இல்லை. மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். பிறகு எங்கள் வளவுக்கு வரவேயில்லை.

இப்போது நெல்லை மெஷினே அறுத்து, தூற்றி, சாக்கில் கொட்டிவிடுகிறது. அந்த இரும்பைக் காட்டினால் என் பிள்ளைகளுக்குத் தெரியாது. மாமி மவுத்தாகி எத்தனையோ காலம். வாப்பாவும் போய்விட்டார். ஊரில் இன்றும் அவரைக் கொடுத்துச் சிவந்த கை என்கிறார்கள். இதை எழுதும்வரை, நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.