அரைக் கரண்டி உப்பு

என் சமையலறை அலமாரியில், எனக்கு உரியதல்லாத எவர்சில்வர்க் கிண்ணம் ஒன்று இரண்டு மாதங்களாக இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு, இறுக்கமான மூடி, மூடியின் விளிம்பில் ஒரு நெளிவு. பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது நம்மிடையே வழக்கமில்லை. அதில் எதை வைத்துக் கொடுப்பது என்று முடிவு செய்ய இயலாமலே இத்தனை நாளைக் கடத்திவிட்டேன்.

கிண்ணத்துக்கு உரியவரை நாங்கள் மேஸ்திரியம்மா என்றே அழைத்தோம். மரக்காணத்து உப்பளம் ஒன்றில் பன்னிரண்டு பெண்களுக்குத் தலைமை தாங்கி வேலை வாங்கியவர். நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவியை இழந்தபின் உணவுவிடுதிச் சாப்பாட்டில் காலம் தள்ளிக்கொண்டிருந்தவன். எங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் அமர்த்தியது, அறுபது கடந்தவர்களுக்கென்று சமுதாயக் கல்லூரி தொடங்கிய உணவும் உடல்நலமும் பற்றிய வகுப்பு. அது சனிக்கிழமைப் பிற்பகல்களில் நடந்தது. ஐப்பசி மாதம், பாத்திகளெல்லாம் மழைநீரில் மூழ்கிக் கிடந்தமையால் உப்பளத்தாருக்கும் ஓய்வு இருந்தது.

முதல் நாள், எதற்காக வந்தோம் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டியிருந்தது. ஓய்வுக்காலத்தைப் பயனுறக் கழிப்பதைப் பற்றி நான் நீண்டதொரு வாக்கியத்தைச் சொல்லி அமர்ந்தேன். அவர் எழுந்தார். “எங்க வூட்டுக்காரருக்கு ஹார்ட்டு வீக்கா இருக்குது மிஸ். உப்பப் பாதியா கொறைக்கலன்னா ஆள் தாங்கமாட்டார்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்குக் கொறைக்கத் தெரியல. அதுக்குத்தான் வந்தேன்” என்றார். என் வாக்கியம் எவ்வளவு வெறுமையானது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்களுக்குக் கற்பித்த இளம்பெண், சிறிய நெகிழிக் கரண்டி ஒன்றில் உப்பைத் தலைதட்டி எடுத்துக் காட்டினார். உடல்நலம் உள்ளவருக்கே ஒரு நாளைக்கு இதற்கு மேல் கூடாது. உங்கள் கணவருக்கு மருத்துவர் சொன்னபடி இதில் பாதி என்றார். மேஸ்திரியம்மா கரண்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாள் பூராவுக்கும் இம்மாம்தானா? வேலை முடிஞ்சு போறப்போ என் கால் விரல் இடுக்குல ஒட்டிக்கினு வர்றதே இதவிட ஜாஸ்தி” என்றார். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அவருடைய இடர்ப்பாடு எங்களில் வேறு எவருக்கும் இல்லாத ஒன்று. பாத்தியில் நிற்கும் நீர் உப்பாக உறையும் பக்குவத்தை எட்டிவிட்டதா என்பதை அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தே அறிவார். நாற்பது ஆண்டுகளாக, நாளொன்றுக்குப் பத்துமுறையேனும் அவ்வாறு சுவைத்த நாக்கு அது. குழம்பில் உள்ள உப்பு அதற்கு எட்டுவதே இல்லை. கணவரும் அளத்து நீர் இறைத்தவரே. அவர் நாக்கும் அத்தகையதே. கரண்டியால் அளந்து சமைத்த முதல் நாள், அவர் ஒரு வாய் உண்டுவிட்டு, “இன்னாமே, கடலு வத்திப்போச்சா?” என்று கேட்டாராம். மனம் பொறுக்காமல் இவர் ஒரு சிட்டிகை சேர்த்தார். மறுநாள் மற்றொரு சிட்டிகை. எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறோம் என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு நாக்கு இல்லை.

அதனால்தான் அந்தக் கிண்ணம் வகுப்புக்கு வந்தது. சனிக்கிழமைதோறும் கணவருக்கு வைத்த குழம்பில் சிறிதளவு எடுத்துவந்து என் முன் வைப்பார். நான் சுவைத்துச் சொல்வேன். கூடுதல் என்றால் மறுவாரம் குறையும். “கை என்னுது, நாக்கு சாருது” என்று அவர் மற்றவர்களிடம் சொல்வதைக் கேட்டு நான் சற்றுப் பெருமிதமும் கொண்டேன்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை அவர் கொண்டுவந்தது கத்தரிக்காய்க் குழம்பு. உப்பும் புளியும் காரமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. என் வீட்டில் அடுப்பு எரிந்த காலத்துக்குப் பின் அத்தகைய குழம்பை நான் உண்டதில்லை. உப்பு மிகுதி என்பது முதல் வாயிலேயே தெரிந்தது. அதைச் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் இந்தச் சுவை வாராது என்பதும் தெரிந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். களைத்த முகம், நல்ல சொல் ஒன்றை எதிர்பார்த்திருந்த முகம். “சரியாக இருக்கிறது” என்றேன். அடுத்த இரு வாரங்களும் அதையே சொன்னேன். நாற்பதாண்டுக் காலம் மாணவர் ஏட்டில் ஒரு பிழையையும் கண்டும் காணாமல் விட்டவனல்லன் நான்.

நான்காம் சனிக்கிழமை அவர் வரவில்லை. கணவருக்குக் கால்கள் வீங்கி, மூச்சு முட்டிப் புதுச்சேரியில் மருத்துவமனையில் சேர்த்திருப்பதாக வகுப்பில் சொன்னார்கள். என் சொல்தான் அதற்குக் காரணம் என்று எவரும் சொல்லவில்லை. மருத்துவரிடம் கேட்கும் துணிவு எனக்கும் இல்லை. ஆனால் மறுநாள் காலையிலேயே பேருந்து ஏறினேன். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து தரையில் அமர்ந்திருந்தார். அருகில் அமர்ந்து, மூன்று வாரமும் குழம்பு கரித்தது, நான் மறைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

அவர் சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்தார். பின்பு, “ருசியா இருந்துச்சுன்னு சாப்ட்டீங்களா சார்?” என்று கேட்டார். ஆம் என்றேன். “எனக்குத் தெரியலன்னுதானே உங்க நாக்கக் கேட்டேன்” என்றார். அதில் கோபம் இருந்தது. உடனே வேறொரு குரலில், “ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்களுக்குத் தனியா ஊத்தியாந்திருப்பேனே” என்றார். கோபத்தைத் தாங்கிக்கொண்ட என்னால் அதைத் தாங்க இயலவில்லை.

கணவர் தேறி வீடு திரும்பினார். மேஸ்திரியம்மா மீண்டும் வகுப்புக்கு வந்தார். ஆனால் இரண்டு வாரங்கள் வேறு பெஞ்சில் அமர்ந்தார். மூன்றாம் வாரம் பழைய இடத்துக்கு வந்து, பையிலிருந்து ஒன்றன்று, இரண்டு கிண்ணங்களை எடுத்து வைத்தார். “இது அவருக்கு வெச்சது. இதுக்கு நெசத்தச் சொல்லுங்க. அது உங்களுது. அதுக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்” என்றார். அன்று கணவருடையதில் உப்பு மிகுதியாகவே இருந்தது, கூடுதல் என்றேன். அவர் அதை எடுத்துச் சென்று குழாயடியில் கொட்டிவிட்டு வந்து, ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். வகுப்பு முடிந்து சான்றிதழ் பெற்ற பின்னும் இரு கிண்ணங்களும் சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன. கூடுதல் என்ற சொல்லை நான் சொல்ல நேர்ந்த வாரங்கள் அரிதாகி, பிறகு இல்லாமலே போயின. கடல் வற்றிவிட்டதா என்ற கேள்வியும் அவர்கள் வீட்டில் நின்றுபோயிற்று. கணவர் பழகிவிட்டாராம். அதன்பின் மூன்று உப்புக்காலங்களை அவர் கண்டார்.

கணவர் மறைந்த பதினாறாம் நாள் கழிந்ததும், மேஸ்திரியம்மா கிளியனூரில் மகளோடு இருக்கப் புறப்பட்டார். புறப்படுவதற்கு முதல் நாள் என் வீட்டுக்கு வந்தபோது ஒரே கிண்ணம்தான் கொண்டுவந்தார். அதே கத்தரிக்காய்க் குழம்பு. பழக்கத்தால் எதிரே நின்று, “உப்பு எப்படி சார் இருக்குது?” என்றார். சுவைத்தேன். இந்த முறை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“குறைவு” என்றேன்.

“எவ்ளோ கொறைவு?”

“பாதி.”

கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “உங்களுக்குன்னுதான் சார் ஆக்குனேன். கை அவருக்கு அளந்துடுச்சு” என்றார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அன்று அந்தக் குழம்பை முழுவதும் உண்டேன். உப்புச் சாடி கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது, அதைத் திறக்கவில்லை.

இன்று காலை, வகுப்பு ஏட்டை எதிரே விரித்து வைத்துக்கொண்டு, நானே கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். வகுப்பில் ஆளுக்கொன்றாகத் தந்த அந்த நெகிழிக் கரண்டியால் உப்பைத் தலைதட்டி அளந்தேன். ஆறியதும் கிண்ணத்தில் ஊற்றி, நெளிந்த விளிம்பை அழுத்தி மூடினேன். இன்னும் அரைமணியில் கிளியனூர்ப் பேருந்து. அளத்தை விட்டு விலகிய இத்தனை நாளில் அவர் நாக்கு உப்பை அறியத் தொடங்கியிருக்குமோ என்னவோ. எப்படி இருக்கிறது என்று கேட்பேன். அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார்; குழம்பைத்தான் பார்ப்பார்.