காலுறைக்குள் இருந்த தகடு

விரல் நீளம்கூட இல்லாத பித்தளைத் தகடு. எங்கள் கிளப்பின் பெயரும், அதன் கீழே 'வெற்றி பெற்ற அணி' என்றும் பொறித்திருக்கும். நாங்கள் ஜெயிக்காத ஓர் ஆண்டின் தகடு அது.

செம்பாக்கம் ஏரிக்கரையில் பந்து உதைத்துப் பழகி, எண்பதுகளின் கடைசியில் தாம்பரம் வட்டாரக் கோப்பைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்த கிளப் எங்களுடையது. எங்களோடு ஆட்டம் என்றாலே அஸ்தினாபுரத்துக்காரர்கள் முகம் சுருங்கிவிடும். சுழற்கேடயம் ஒன்றுதான் பாக்கி. தொடர்ந்து மூன்று ஆண்டு வென்றால் அது நிரந்தரமாக நமக்கே. இரண்டு ஆண்டு வென்றிருந்தோம். வென்ற அணி தன் பெயரில் தகடு அடித்து மாட்டி, மறு ஆண்டு இறுதி ஆட்டத்துக்குக் கேடயத்தைக் கொண்டுவர வேண்டும். எங்கள் செயலாளருக்கு எங்கள்மேல் அபார நம்பிக்கை. போன ஆண்டுத் தகட்டோடு, இன்னும் ஆடாத ஆட்டத்துக்கும் சேர்த்துத் தகடு அடித்து மாட்டிவிட்டார்.

மைதானத்தில் கேடயத்தை மேசைமேல் வைக்கும்போதுதான் கேப்டன் அண்ணா அதைக் கவனித்தார். பக்கத்தில் கோல்கீப்பரான நான் மட்டும். தோற்றால் ஊரே சிரிக்கும், செயலாளர் வெளியே தலைகாட்ட முடியாது. அண்ணா ஒரு காசால் திருகாணியைக் கழற்றித் தகட்டை எடுத்தார். ஆட்டத்துக்கு அழைத்துவிட்டார்கள். எங்கள் அரைக்கால் சட்டையில் பை கிடையாது.

"தூக்கிப் போட்டுடுண்ணா."

"கிளப் பேரு கீது இதுல. கீழ போட சொல்றியா? செக்ரட்டரியான்ட மட்டும் வாய் தொறக்காத," என்று காலுறைக்குள் செருகிக்கொண்டார்.

கோல் விழவே இல்லை. நான் பந்தைப் பார்த்ததைவிட அவர் காலைத்தான் அதிகம் பார்த்தேன். காலுறையில் சிவப்புப் பரவிக்கொண்டே வந்தது. கடைசியில் பெனால்டி. எங்கள் கடைசி உதை அவருடையது, போட்டே ஆக வேண்டும். நொண்டியபடி ஓடிவந்து அடித்தார். பந்து மேல்கம்பத்தில் இடித்து வெளியே போனது.

செயலாளரே உட்கார்ந்து அவர் காலுக்குக் கட்டுப் போட்டார். எப்படிக் கிழிந்தது என்று கேட்டதற்கு, எவனோ பூட்ஸால் மிதித்துவிட்டான் என்றார் அண்ணா. தகட்டைக் காணோமே என்றதற்கு, வழியில் விழுந்திருக்கும் என்றார்.

தொண்ணூறுகளிலும் நிறைய ஜெயித்தோம். ஆனால் அந்தக் கேடயம் தொடர்ந்து மூன்று முறை கைக்கு வரவே இல்லை. "அன்னிக்கு மட்டும் அவன் ஒழுங்கா அடிச்சிருந்தா," என்று செயலாளர் கூட்டத்துக்குக் கூட்டம் இழுப்பார். அண்ணா சிரித்துக்கொண்டு போய்விடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணா போன பிறகு, அவர் மனைவி இந்தத் தகட்டை என்னிடம் கொடுத்தார். போன மாதம் அண்ணாவுக்கு இரங்கல் கூட்டம். அங்கேயும் செயலாளர் அதே பேச்சை எடுத்தார். தள்ளாத வயது என்று பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எழுந்து போய்த் தகட்டை அவர் கையில் வைத்து, அது எங்கே இருந்தது என்று சொன்னேன்.

வளைந்திருந்த மூலையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியும் அவர் எழுந்திருக்கவில்லை.

"அந்தக் கால்ல கட்டுப் போட்டதே நான்தாம்பா," என்றார்.