பஸ் திரை கீழேயா?

காலையில் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே என் ஃபோன் ஒரு தடவை சிணுங்கும். எடுத்துப் பார்க்க வேண்டியதே இல்லை. ஆக்லாந்திலிருந்து அத்தான், என் அக்காவின் கணவர், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பியிருப்பார்: “தெரை கீழயா?” திரை என்றால் எங்கள் ஊர் பஸ்ஸின் திரை. ஃபிஜியில் பஸ்ஸுக்குக் கண்ணாடி ஜன்னல் கிடையாது; பக்கவாட்டில் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். மழை வந்தால் உட்கார்ந்திருப்பவர்களே அவிழ்த்து இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். தூறலுக்கெல்லாம் யாரும் கையைத் தூக்கமாட்டார்கள். திரை இறங்கினால்தான் எங்கள் நசினுவில் அதற்கு மழை என்று பெயர். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பெரிய சாலையைப் பார்ப்பேன். தலைநகர் சுவாவுக்குப் போகிற பஸ் ஒன்று கடந்ததும் பதில் போடுவேன். மேலே, அல்லது கீழே. சில நாள் பாதி.

இதை எழுதுவதில் எனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அத்தானுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. அதனால் கொஞ்சம் தைரியமாகவே எழுதுகிறேன்.

பக்கத்து ஊரான நவுசோரியில், மார்க்கெட்டுக்கு எதிரே, அவர் பாட்டுக் கேசட் கடை வைத்திருந்தார். கடை என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒரு படிக்கட்டுக்கு அடியில் இருந்த இடம் அது. ஆனால் ரேவா ஆற்றின் இரண்டு கரையிலும் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் பாட்டு அங்கிருந்துதான் போகும். யாராவது இரண்டு வார்த்தை முனகினால் போதும், பாட்டைக் கண்டுபிடித்துவிடுவார். வாய் ஓயாது. அக்கா சொல்வாள், “கேசட்டுன்னா ஒரு பக்கம் முடிஞ்சா நிக்கும், இந்த ஆளு நிக்கமாட்டாரு.” இரண்டாயிரத்தில் வந்த கூவுக்குப் பிறகு (ஆட்சிக் கவிழ்ப்பை எங்கள் ஊரில் கூ என்றுதான் சொல்கிறோம், அதற்குத் தமிழ் தேடும் அளவுக்கு எங்களுக்கு அவகாசம் கிடைத்ததில்லை) கடைக்கு வந்தவர்கள் பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டு, பெரிய சூட்கேஸ் எங்கே மலிவு என்று கேட்க ஆரம்பித்தார்கள். அத்தான் அதற்கும் வழி சொன்னார். ஒவ்வொருவராக வெளிநாடு கிளம்பிப் போனார்கள். பாட்டு கேட்க ஆள் குறைந்தபோது பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வீட்டு டெலிபோன் வயரில் மாட்டினார். போனவர்கள் எல்லாரும் அதற்குள்தான் இருந்தார்கள்.

இணையத்தில் அது ஓர் அரட்டை அறை. சிட்னியில் ஒரு நர்ஸ், வான்கூவரில் ஒரு லாரிக்காரர், இன்னும் எங்கெங்கோ இருந்த நம்மவர்கள். பேச்சு ஃபிஜி ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் ஓடும். தமிழ் வீட்டுப் பிள்ளைகள் நடுவில் ஒரு வார்த்தை தமிழில் வைதால்தான் தமிழர் என்று தெரியும். சாயங்காலம் ஆனால் எங்களுக்கு அரட்டை, வான்கூவர்காரருக்கு அது முந்தின நாள் ராத்திரி. எந்தப் பாடகர் மூக்கால் பாடினார், பார்லிமென்டில் யார் யாரை விலைக்கு வாங்கினார், டின் மீன் குழம்புக்குப் புளி போடலாமா கூடாதா, எல்லாம் ஒரே மூச்சில் வரும். எல்லார் பக்கத்திலும் யங்கோனா வேர்ப்பொடி கரைத்த கிண்ணம் இருக்கும். ஊரில் பாயில் சுற்றி உட்கார்ந்து அந்தக் கஷாயத்தைக் குடிக்கும்போது கைதட்டுவோம் இல்லையா, அங்கே ‘தட்டு’ என்று எழுதுவார்கள். அவர்களாகவே ஒரு சட்டமும் வைத்துக்கொண்டார்கள். ஊரில் இருப்பவர் முதல் கிண்ணம் குடித்தேன் என்று எழுதாமல் வேறு யாரும் வாய் வைக்கக்கூடாது. ஊரில் இருந்தவர் அத்தான் ஒருவர்தான். அவர் அங்கே வைத்துக்கொண்ட பெயர் ‘நசினு ஸ்டேஷன்’.

ரேடியோ நிலையம் மாதிரியேதான் நடந்துகொண்டார். முதலில் திரை மேலேயா கீழேயா என்று வானிலை. அடுத்து மார்க்கெட்டில் சேப்பங்கிழங்கு என்ன விலை. பிறகு சாவு. எங்கள் ஊர் ஹிந்தி ரேடியோவில் தினமும் செத்தவர்களின் பெயரை வாசிப்பார்கள். இன்னாருடைய மகன், இன்னாருக்கு மாமன், உடல் எத்தனை மணிக்கு எடுக்கப்படும் என்று முழு உறவும் சொல்லி. அத்தான் அதைக் கேட்டு அப்படியே தட்டுவார். வெளிநாட்டில் இருப்பவர்கள் பாட்டுக்காக வந்தார்கள் என்று சொல்லிக்கொண்டாலும் அந்த அறிவிப்புக்காகத்தான் வந்தார்கள் என்பது என் எண்ணம்.

அக்கா டீச்சர். அவளுடைய படிப்பை வைத்து நியூசிலாந்தில் குடியேறப் பேப்பர் போட்டார்கள். இதில் எங்கள் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேப்பர் போட்டதைப் பற்றி மூச்சுவிடமாட்டோம். பக்கத்து வீடு, கோயில், கூட வேலை செய்பவர்கள், ஒருவருக்கும் தெரியக்கூடாது. கண் பட்டால் காரியம் கெடும் என்ற பயம். நேற்று வரை நம்மோடு கிழங்கு வாங்கியவர்கள் இன்று விமானத்திலிருந்து இறங்கி ஃபோன் பண்ணுவார்கள், நாமும் கோபித்துக்கொள்ளமாட்டோம், ஏனென்றால் நம்முடைய பேப்பரும் ரகசியமாக உள்ளே போயிருக்கும். அத்தானும் அப்படித்தான் அறையில் சொல்லாமல் கிளம்பினார். போய் இறங்கியதும் சொல்லலாம் என்று இருந்தார்.

ஆக்லாந்தில் கம்ப்யூட்டரை மாட்டி உள்ளே போன முதல் நாளே நர்ஸ் கேட்டிருக்கிறாள், ஸ்டேஷன், திரை என்ன என்று. என் கை தானாகவே ‘கீழே’ன்னு அடிச்சிடுச்சு புள்ள என்று என்னிடம் பிறகு சொன்னார். நான் அதை முழுதாக நம்பவில்லை. கை தானாக அடிக்கும், மறுநாளும் அதற்கு மறுநாளும் தானாக அடிக்குமா? அங்கே அவர் கோழி வெட்டி அடைக்கிற தொழிற்சாலையில் தலைக்கு வலைத்தொப்பி போட்டு நின்றார். பாட்டு முனகினால் பெல்ட் சத்தத்தில் அவருக்கே கேட்காது. சாயங்காலம் அறைக்குள் வந்தால் ஒரு கூட்டமே அவர் முதல் கிண்ணத்துக்காகக் காத்திருக்கும். அதை விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை. நானாக இருந்தாலும் வந்திருக்காது.

அன்றிலிருந்து ஸ்டேஷனுக்கு வேலை பார்த்தது நான். ஆபீஸ் முடிந்து மினிபஸ்ஸில் வந்து இறங்கியதும் திரை, கிழங்கு விலை, ரேடியோவில் வாசித்த பெயர்கள், எல்லாவற்றையும் அத்தானுக்கு ஃபோனில் ஒப்பிப்பேன். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. “சொல்லிடுங்களேன் அத்தான், யாரு உங்கள அடிக்கப் போறாங்க?” என்பேன். “அட, இன்னா புள்ள நீ. அங்க நான் இல்லன்னா அந்த ரூம்ல இன்னா இருக்கு? எல்லாம் வெளியூர்க்காரனுங்க ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கினு ஒக்காந்திருப்பானுங்க” என்பார்.

ஒரு நாள் ரேடியோவில் வான்கூவர்காரரின் அப்பா பெயர் வந்தது. மகனால் வர முடியவில்லை. அத்தான் கேட்டுக்கொண்டதால் நானும் என் வீட்டுக்காரரும் போனோம். சாவு வீட்டில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். பெண்கள் வராந்தாவில், ஆண்கள் மழையில் நனைந்த பெஞ்சுகளில். பெரியவருக்கு அவருடைய நீலக்கோட்டைப் போட்டிருந்தார்கள். எடுக்கும்போது மழை விட்டது. என் வீட்டுக்காரர் சுடுகாடு வரை போய் வந்தார். பார்த்ததை எல்லாம் அத்தானிடம் சொன்னேன். அவர் அறையில் எழுதினார்: நான் போயிருந்தேன் அண்ணே, நீலக்கோட்டு போட்டிருந்தாங்க, தூக்குறப்போ மழை விட்டுடுச்சு. வான்கூவர்காரர் அதற்கு, என் இடத்தில் நீ நின்றாய் என்று எழுதினாராம்.

அப்புறம் ராணுவத்தின் கூ வந்தது. சாலையில் மணல் மூட்டை அடுக்கினார்கள், துப்பாக்கியோடு பையன்கள் நின்றார்கள். எங்களுக்குப் பழகிய காட்சிதான், ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பயப்படுவோம், அவ்வளவுதான். அன்று காலை நர்ஸின் அம்மாவுக்கு சுவா ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷன். வெளிநாட்டு டாக்டர்கள் வந்திருந்தார்கள், விட்டால் இன்னொரு வாய்ப்பு எப்போது என்று தெரியாது. கிழவி நவுசோரியில் டாக்சிக்குள் ஏறி உட்கார்ந்தாயிற்று. நர்ஸ் அறைக்குள் வந்து கேட்டாள்: ஸ்டேஷன், ரேவா பாலத்தில் சோல்ஜர் இருக்கிறார்களா? சாலை திறந்திருக்கிறதா? அம்மா போகலாமா, வீட்டிலேயே இருக்கட்டுமா?

அத்தான் எனக்கு ஃபோன் அடித்தார். நான் இருந்த மினிபஸ், சோல்ஜர்கள் மறித்து நிறுத்திய வரிசையில் நின்றுகொண்டிருந்தது. ஊரே ஒரே நேரத்தில் ஃபோனை எடுத்ததில் ஒருவருக்கும் லைன் கிடைக்கவில்லை. அவர் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார். அறையில் எல்லாரும் சும்மா இருந்தார்கள், ஸ்டேஷன் சொல்லட்டும் என்று. போகச் சொல்லு, ஒன்றுமில்லை என்று ஒரு வரி தட்டினால் போதும். எத்தனையோ தடவை அப்படித் தட்டியவர்தான். ஆனால் திரையைப் பற்றிப் பொய் சொன்னால் யாரும் சாகமாட்டார்கள். அத்தான் எழுதினார்: நான் அங்கே இல்லை. ஆக்லாந்து வந்து வெகுகாலம் ஆகிறது. அங்கே பார்த்துச் சொல்வது என் மச்சினி. அவள் ஃபோன் கிடைக்கவில்லை. என்னை நம்பாதே, வேறு யாரையாவது கேள்.

நர்ஸ் உடனே வெளியே போனாள். அவள் கவலை அவளுக்கு. வான்கூவர்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: என் அப்பாவைத் தூக்கினபோது நீ எங்கே இருந்தாய்?

இங்கேதான், ஆக்லாந்தில் என்று எழுதினார் அத்தான்.

கிழவி பத்திரமாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். சோல்ஜர் பையன் டாக்சியின் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு, பாட்டிமாவுக்குக் குடை இல்லையா என்று கேட்டானாம். ஆபரேஷன் நடந்தது, இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். நர்ஸ் பிறகு அத்தானுக்கு நன்றி சொல்லி எழுதினாள். வான்கூவர்காரர் எழுதவேயில்லை. அறை கொஞ்ச நாள் இழுத்தது; முதல் கிண்ணம் யார் குடிப்பது என்று தெரியாமல் ஆளாளுக்குத் தனியே குடித்துவிட்டுப் படுக்கப் போனார்கள். அத்தான் அதற்குள் மறுபடி நுழையவில்லை.

எனக்கு வேலை விட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலை ஃபோன் அடித்தது. “தெரை கீழயா?” என்றார். “இப்ப யாருக்குச் சொல்லப் போறீங்க அத்தான்?” என்றேன். “யாருக்கும் இல்ல. எனக்குத்தான். ஏன், எனக்குச் சொல்லக்கூடாதா?” என்றார். எனக்குக் கண் கலங்கியது. வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன், அதன் மேல் பழியைப் போட்டுவிட்டேன். இப்போதெல்லாம் அவருடைய ஃபோனே நவுசோரி வானிலையைப் படம் போட்டுக் காட்டுகிறது. அதில் மேகம் தெரியுது, பஸ் தெரியலையே என்கிறார்.

எங்களுக்கும் பேப்பர் வந்துவிட்டது. பிரிஸ்பேனில் இருக்கும் மகள் கூப்பிட்டுக்கொள்கிறாள். வழக்கப்படி யாருக்கும் சொல்லவில்லை, அத்தானுக்கும் அக்காவுக்கும்கூட. டிக்கெட் கைக்கு வந்தது நேற்று. இன்று காலை ஃபோன் சிணுங்கியதும் ஜன்னலைத் திறந்தேன். வானம் கறுத்திருந்தது, பஸ்ஸின் திரை மேலேதான் இருந்தது. ‘மேலே’ என்று எழுதினேன். அதன் கீழேயே, நாங்களும் கிளம்புகிறோம் அத்தான், பிரிஸ்பேன், டிக்கெட் வந்தாயிற்று என்று எழுதி அனுப்பினேன். அவரும் அக்காவும் எத்தனை வருஷமாக வா வா என்று அழைத்தவர்கள். சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

டீக்குத் தண்ணீர் வைத்ததும் ஃபோன் மறுபடி சிணுங்கியது.

“அப்ப தெரைய யாரு பாக்குறது?”

ஃபோனை அடுப்பு மேடையில் வைத்தேன். வெளியே அடுத்த பஸ் வந்து நின்றது. பெரிய சொட்டுகள் விழ ஆரம்பித்திருந்தன. உள்ளே யாரோ கையைத் தூக்கி, தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.