திட்டச் சொன்ன ஆராய்ச்சி

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு ஒரே காலையில் மூன்று ஆராய்ச்சி மாணவிகள் வந்துவிட்டார்கள். ஒருத்தி தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு தேடினாள். இன்னொருத்தி என் கணவரின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். மூன்றாமவள் மலையாளம் கலந்த எங்கள் பேச்சுத் தமிழைப் பதிவு செய்ய வந்தவள்.

"சேட்டா, கோபம் வந்தா எப்படித் திட்டுவீங்க?" என்று அவள் கேட்க, இவர் வெட்கப்பட்டார். அதற்குள், "புழு இருக்கு!" என்று தொட்டிப் பக்கமிருந்து சந்தோஷக் குரல்.

"தொட்டியக் கழுவுன்னு எத்தன தடவ பறஞ்சேன்டி!" என்று என்மேல் பாய்ந்தார். மொழிப் பெண்ணுக்கு ஒரே ஆனந்தம்.

பட்டை சுற்றியவளின் முகம் மட்டும் மாறியது.

"திட்டினதுல ஏறியிருக்கும்," என்றேன்.

அவரை அமைதியாக உட்காரவைத்து மறுபடி பார்த்தாள். இறங்கவில்லை.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும் சேச்சி."

மூவரும் எங்களோடு ஆட்டோவில் நெருக்கியடித்து ஏறினார்கள்.

"நல்லவேளை, உடனே வந்தீங்க," என்றார் டாக்டர்.

"நானாத் திட்டல டாக்டர், இவங்கதான் திட்டச் சொன்னாங்க," என்றார் என் கணவர்.

ஆராய்ச்சி என்றால் வேலையில்லாதவர்கள் செய்வது என்றே நினைத்திருந்தேன். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் ரொம்பத் தைரியமாகவும் இருந்தது.